ரயில் விபத்தை விசாரிக்க வருபவர் யார்? அவருக்கு என்ன அதிகாரம்?

2024 அக்டோபர் 11, ஆயுத பூஜை. கடைக்குக் கடை பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை பங்கு போட்டு ஓய்ந்த நேரம். ராத்திரி எட்டரை மணிக்கு மேல் செல்போன்களில் ஒரு செய்தி பரவ ஆரம்பித்தது. மைசூருவிலிருந்து தர்பங்கா போகும் பாக்மதி எக்ஸ்பிரஸ், கவரைப்பேட்டை ஸ்டேஷனில் நின்றுகொண்டிருந்த சரக்கு ரயில் மீது மோதிவிட்டது.

எங்கள் திருத்தணியும் கவரைப்பேட்டையும் ஒரே திருவள்ளூர் மாவட்டம்தான். பாதை மட்டும் வேறு. நாங்கள் அரக்கோணத்திலிருந்து ரேணிகுண்டா போகும் பாதையில் இருக்கிறோம். கவரைப்பேட்டை, கும்மிடிப்பூண்டி வழியாகக் கூடூர் போகும் பாதையில் இருக்கிறது. ஆனாலும் அன்று ராத்திரி ஊரில் எல்லோரும் இதையே பேசினார்கள். காரணம், 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவில் நடந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ் விபத்து யாருக்கும் மறக்கவில்லை. இதுவும் அச்சு அசல் அதே மாதிரி இருந்தது. மெயின் லைனில் போகப் பச்சை சிக்னல் கொடுத்திருக்கிறார்கள். ரயில் போனதோ லூப் லைனுக்குள்.

நல்லவேளையாகக் கவரைப்பேட்டையில் உயிர்ச்சேதம் இல்லை. சுமார் இருபது பேருக்குக் காயம். ஆனால் மறுநாள் காலையிலேயே டீக்கடைகளில் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர் தப்பு என்றார் ஒருவர். டிரைவர் தப்பு என்றார் இன்னொருவர். சதி என்றார் மூன்றாமவர். ஆளுக்கு ஒரு குற்றவாளி!

பத்திரிகைகளில் மட்டும் எப்போதும் வரும் அந்த ஒற்றை வரி வந்திருந்தது: ரயில்வே பாதுகாப்பு கமிஷனர் விசாரணை நடத்துவார்.

ஒவ்வொரு ரயில் விபத்துக்குப் பிறகும் இந்த வரியைப் படித்திருக்கிறோம். ஆனால் யார் இந்தக் கமிஷனர்? போலீஸா, நீதிபதியா, ரயில்வே அதிகாரியா? அவர் கூப்பிட்டால் போயே ஆகவேண்டுமா? அவரால் யாரையாவது ஜெயிலுக்கு அனுப்ப முடியுமா? இதைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. சட்டம் என்றதும் பயந்து ஓட வேண்டாம், கதை சுவாரசியமானது :-)

விமானத் துறையின் கீழ் ஒரு ரயில் அதிகாரி

முதல் ஆச்சரியம் இதுதான். ரயில்வே பாதுகாப்பு கமிஷனர், ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்! இவர்களுக்கெல்லாம் தலைவரான தலைமை கமிஷனரின் அலுவலகம் லக்னோவில் உள்ளது. நம் தெற்கு வட்டத்துக்கான கமிஷனர் அலுவலகம் பெங்களூருவில்.

விபத்தை விசாரிப்பது மட்டும் இவர் வேலை அல்ல. புதிய பாதை போட்டால், அதில் பயணிகளை ஏற்றலாமா என்று இவர் பார்த்துச் சொல்ல வேண்டும். சென்னை மெட்ரோவில் ஒவ்வொரு புதிய பகுதியையும் திறப்பதற்கு முன் பாதுகாப்பு கமிஷனர் ஆய்வு செய்தார் என்று செய்தி வருமே, அதுவும் இந்த அமைப்பின் வேலைதான்.

ரயிலைப் பார்க்கும் அதிகாரி விமானத் துறைக்குள் எப்படிப் போனார்? இதைப் புரிந்துகொள்ள நூறு வருடங்களுக்கும் மேல் பின்னால் போக வேண்டும்.

அதிகாரம் இல்லாமல் தொடங்கிய வேலை

ரயில் பிறந்த இங்கிலாந்தில்தான் ரயில் இன்ஸ்பெக்டரும் பிறந்தார். 1840-ல் அங்கே ஒரு சட்டம் போட்டு, ரயில் பாதைகளைப் பார்வையிட இன்ஸ்பெக்டர்களை நியமித்தார்கள். அதில் ஒரு நல்ல நிபந்தனை இருந்தது. முந்தைய ஒரு வருடத்துக்குள் எந்த ரயில் கம்பெனியிலும் டைரக்டராகவோ பொறுப்பான பதவியிலோ இருந்தவர் இன்ஸ்பெக்டராக முடியாது. அதனால் ராணுவப் பொறியாளர்களைத் தேடிப் பிடித்தார்கள்.

ஆனால் அந்த இன்ஸ்பெக்டர்களுக்கு விபத்தை விசாரிக்கச் சட்டப்படி தெளிவான அதிகாரம் ஆரம்பத்தில் இல்லை. விபத்து நடந்தால் போவார்கள், கேட்பார்கள், அறிக்கை எழுதுவார்கள். கம்பெனிகளும் பெரும்பாலும் ஒத்துழைத்தன. சாட்சிகளை வரவழைக்கவும், காகிதங்களைக் கேட்டு வாங்கவும் முறையான அதிகாரத்தை 1871-ஆம் வருடச் சட்டம்தான் கொடுத்தது. முப்பது வருடம் வெறும் மரியாதையை வைத்தே வேலை நடந்திருக்கிறது!

நம் பக்கம் 1856 ஜூலை 1 அன்று ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் பாதை திறக்கப்பட்டது. மெட்ராஸ் ரயில்வே என்ற தனியார் கம்பெனி போட்ட பாதை அது. அதே கம்பெனி அரக்கோணத்திலிருந்து வடமேற்காக இன்னொரு பாதை போட்டது. அது எங்கள் ஊர் வழியாகப் போய், 1871-ல் ராய்ச்சூரில் பம்பாயிலிருந்து வந்த பாதையோடு சேர்ந்தது. அந்தக் காலத்தில் கம்பெனிகளைக் கண்காணிக்க அரசு 'கன்சல்டிங் இன்ஜினியர்' என்ற அதிகாரிகளை வைத்திருந்தது. இன்றைய கமிஷனரின் கொள்ளுத் தாத்தா இவர்தான் என்று சொல்லலாம்.

பிறகு வந்தது 1890-ஆம் வருட இந்திய ரயில்வே சட்டம். அதன் 5-வது பிரிவு இன்ஸ்பெக்டருக்கு மூன்று அதிகாரங்கள் கொடுத்தது.

ஒன்று, எந்த ரயில் பாதையிலும் பெட்டியிலும் எஞ்சினிலும் நுழைந்து பார்க்கலாம்.

இரண்டு, ரயில்வே நிர்வாகத்துக்கு எழுத்து மூலம் உத்தரவு போட்டு, எந்த ரயில்வே ஊழியரையும் தன் முன் வரவழைத்துக் கேள்வி கேட்கலாம்.

மூன்று, நிர்வாகத்திடம் இருக்கும் புத்தகம், ஆவணம் எதையும் கேட்டு வாங்கலாம். கம்பெனிக்கும் அதன் வக்கீலுக்கும் நடந்த கடிதப் போக்குவரத்து மட்டும் விதிவிலக்கு.

இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ரயில்வே ஊழியரை மட்டும்தான் வரவழைக்கலாம். புத்தகமும் ஆவணமும் மட்டும்தான் கேட்கலாம். இந்த இரண்டு 'மட்டும்'களுக்கும் பின்னால் வேலை இருக்கிறது.

வாங்கியவரே விசாரித்தால்?

1905-ல் ரயில்வே போர்டு உருவானது. இன்ஸ்பெக்டர்களும் அதன் கீழே போனார்கள். ரயிலை ஓட்டுவதும் போர்டு, ஓட்டியதில் தப்பு நடந்தால் விசாரிக்கும் ஆளும் போர்டின் ஆள். பரீட்சை எழுதியவனே பேப்பர் திருத்துவது போன்ற ஏற்பாடு.

இது எவ்வளவு சிக்கலானது என்பதை 1937 ஜூலை 17 காட்டியது. பாட்னாவுக்குப் பக்கத்தில் பிஹ்டா என்ற இடத்தில் ஒரு எக்ஸ்பிரஸ் தடம் புரண்டு நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். அலகாபாத் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி சர் ஜான் தாம் விசாரித்தார். சந்தேகம் 'எக்ஸ்.பி.' என்ற வகை எஞ்சின்கள் மீது விழுந்தது. வேகமாகப் போகும்போது இந்த எஞ்சின்கள் பக்கவாட்டில் ஆடி, தண்டவாளத்தையே வளைத்துவிடும் என்ற புகார் இருந்தது.

இப்போது யோசித்துப் பாருங்கள். எஞ்சினில்தான் கோளாறு என்றால், அதைத் தேர்ந்தெடுத்துப் பாதையில் விட்டவர்கள் மீதும் கேள்வி வரும். அந்த மேலிடத்தின் கீழ் சம்பளம் வாங்கும் இன்ஸ்பெக்டர் அந்தக் கேள்வியை எந்த அளவுக்கு அழுத்திக் கேட்க முடியும்? அவர் எவ்வளவு நேர்மையானவராக இருந்தாலும், படிக்கிற மக்கள் நம்புவார்களா?

1935-ஆம் வருட இந்திய அரசுச் சட்டத்திலேயே, பாதுகாப்பையும் விபத்து விசாரணையையும் ரயில்வேயை நடத்தும் அமைப்பிலிருந்து தனியாகப் பிரிக்க வேண்டும் என்ற யோசனை இருந்தது. பிஹ்டாவுக்குப் பிறகு இந்த எஞ்சின்களை ஆராய ஒரு குழு போட்டார்கள். பிரிட்டிஷ் ரயில்வேயின் தலைமை இன்ஸ்பெக்டர் கர்னல் மவுன்ட் அதற்குத் தலைவர். 1939-ல் அந்தக் குழுவும் இன்ஸ்பெக்டர்கள் போர்டிலிருந்து தனியாக இருக்க வேண்டும் என்பதையே வலியுறுத்தியது. 1940-ல் மத்திய சட்டசபை ஏற்றுக்கொண்டது.

சரி, பிரித்தாயிற்று. எங்கே கொண்டு போய் வைப்பது? 1941 மே மாதம் இவர்களைத் 'தபால் மற்றும் விமான'த் துறையின் கீழ் வைத்தார்கள். பின்னால் துறைகளின் பெயர்கள் மாறின. 1967-ல் சுற்றுலா மற்றும் விமானப் போக்குவரத்து அமைச்சகத்துக்குப் போனார்கள். ரயில் அதிகாரி விமானத் துறைக்குப் போன கதை இதுதான். கேட்கும்போது சிரிப்பு வரலாம். ஆனால் அந்த விலாசம் மாறியதில் ஒரு பெரிய நியாயம் இருக்கிறது.

அரியலூர்: யார் என்ற கேள்வியும் ஏன் என்ற கேள்வியும்

நம் மாநிலத்தில் ரயில் விபத்து என்றால் பெரியவர்கள் முதலில் சொல்வது அரியலூர். 1956 நவம்பர் 23 விடியற்காலை, கடும் மழை. மருதையாற்றுப் பாலத்தருகே பாதை அரித்துப்போய், தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றுக்குள் கவிழ்ந்தது. 140 பேருக்கு மேல் இறந்தார்கள். இரண்டு மாதங்களுக்கு முன்புதான் இன்றைய தெலங்கானாவின் மகபூப்நகர் அருகே பாலம் உடைந்து நூறு பேருக்கு மேல் இறந்திருந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜினாமா கொடுத்தும் நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு ஏற்றுக்கொண்டார்.

சாஸ்திரியின் ராஜினாமாவை நாம் எல்லோரும் பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். இன்றும் ஒவ்வொரு விபத்தின்போதும் மேடையில் பேசுகிறார்கள். அது பெரிய மனிதரின் பெரிய செயல், சந்தேகமே இல்லை. ஆனால் அது பதில் சொன்னது, பொறுப்பு யாருக்கு என்ற கேள்விக்குத்தான். பாலம் ஏன் தாங்கவில்லை, ஆற்றில் தண்ணீர் ஏறும் விஷயம் ஏன் முன்கூட்டித் தெரியவில்லை, அந்த ராத்திரியில் ரயிலை ஏன் நிறுத்தவில்லை என்ற கேள்விகளுக்கு ஒரு ராஜினாமா பதில் சொல்லாது. அந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டியவர் இன்ஸ்பெக்டர். அவரைப் பற்றி நம் பாடப்புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

1961 நவம்பர் 1 அன்று இந்த அமைப்புக்கு ரயில்வே பாதுகாப்பு கமிஷன் என்று புதுப் பெயர் வந்தது. ஆனால் கையில் இருந்தது இன்னும் 1890-ஆம் வருடச் சட்டம்தான்.

1989 சட்டம் கொடுத்தவை

99 வருடங்கள் கழித்துப் புதிய ரயில்வே சட்டம் வந்தது. 1989-ல் நிறைவேறி, 1990 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்தது. ஒரு விபத்து நடந்தால் இந்தச் சட்டப்படி என்னென்ன நடக்கும் என்பதை எங்கள் ஊரையே உதாரணமாக வைத்துப் பார்ப்போம். (முருகன் காப்பாற்றட்டும், இது கற்பனைதான்.)

ஆடிக் கிருத்திகைக்குக் காவடி எடுத்து வரும் கூட்டம் நிரம்பிய ஒரு ரயில், திருத்தணி அருகே விபத்தில் சிக்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 113-வது பிரிவின்படி, பக்கத்து ஸ்டேஷன் மாஸ்டர் தாமதமில்லாமல் மாவட்ட நிர்வாகத்துக்கும் போலீசுக்கும் தகவல் தர வேண்டும். ரயில்வே நிர்வாகம் மாநில அரசுக்கும் கமிஷனருக்கும் தகவல் தர வேண்டும்.

இங்கே ஒரு எல்லைக் கணக்கு வருகிறது. 1960 ஏப்ரல் 1-க்கு முன்னால் திருத்தணியே ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில்தான் இருந்தது. ம.பொ.சி., மங்கலங்கிழார் போன்றவர்களின் போராட்டத்துக்குப் பிறகு தமிழ்நாட்டுக்கு வந்தது. இன்று எங்களுக்கு வடக்கே பொன்பாடி தாண்டினால் ஆந்திரா ஆரம்பித்துவிடும். அடுத்த ஸ்டேஷன் வெங்கடநரசிம்மராஜுவாரிபேட்டை. பெயரைப் படித்து முடிப்பதற்குள் ரயில் கிளம்பிவிடும்! விபத்து திருத்தணியில் நடந்தால் தகவல் திருவள்ளூர் கலெக்டருக்கும் எஸ்.பி.க்கும் போகும். அதே விபத்து இரண்டு ஸ்டேஷன் தள்ளி நடந்தால் ஆந்திர அதிகாரிகளுக்குப் போகும். வழக்குப் போடும் போலீஸ் மாறும், கோர்ட் மாறும், மொழிகூட மாறும். கமிஷனர் மட்டும் மாறமாட்டார். பாதை எந்த ரயில்வேயுடையதோ அதைப் பார்க்கும் அதே பெங்களூர் கமிஷனர்தான் வருவார்.

114-வது பிரிவின்படி, பயணிகள் ரயில் விபத்தில் உயிர் போனாலோ, பயணிக்கு நிரந்தர ஊனம் ஏற்படும் அளவுக்குக் காயம் ஏற்பட்டாலோ, ரயில்வே சொத்துக்குப் பெரிய சேதம் வந்தாலோ கமிஷனர் விசாரிப்பார். மற்ற விபத்துகளிலும் தேவை என்று அவருக்குத் தோன்றினால் விசாரிக்கலாம். யாருடைய சிபாரிசும் வேண்டாம்.

7-வது பிரிவு பழைய மூன்று அதிகாரங்களை அப்படியே வைத்துக்கொண்டு, ஒரு சொல்லைச் சேர்த்தது. 'புத்தகம், ஆவணம்' என்று இருந்தது, 'புத்தகம், ஆவணம் அல்லது பொருள்' என்று ஆனது. முதல் 'மட்டும்' போயிற்று. உடைந்த தண்டவாளத் துண்டு, கழன்ற போல்ட், எரிந்த ரிலே எதையும் இனி எடுத்து வரச் சொல்லலாம்.

116-வது பிரிவு இரண்டாவது 'மட்டும்' என்பதையும் எடுத்தது. விசாரணையின்போது கமிஷனருக்கு சிவில் கோர்ட்டின் அதிகாரங்கள் உண்டு. ரயில்வே ஊழியர் மட்டுமல்ல, யாருக்கும் சம்மன் அனுப்பலாம். சத்தியப் பிரமாணம் வாங்கி விசாரிக்கலாம். எந்தக் கோர்ட்டிலிருந்தும் ஆபீசிலிருந்தும் அரசு ஆவணங்களை வரவழைக்கலாம். அவர் முன் பொய் சொன்னால் அது கோர்ட்டில் பொய் சொன்ன மாதிரி.

இதையெல்லாம் படித்தபோது, பரவாயில்லையே, பெரிய ஆள்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். ஆனால் அவருடைய மிகப் பெரிய அதிகாரம் அடுத்த பிரிவில்தான் இருக்கிறது. பார்த்தால் அது அதிகாரம் மாதிரியே தெரியாது.

117-வது பிரிவு

கமிஷனர் முன் ஒருவர் சொல்லும் வாக்குமூலத்தை, அவருக்கு எதிராக எந்த சிவில், கிரிமினல் வழக்கிலும் பயன்படுத்தக் கூடாது. பொய் சொன்னதற்கான வழக்கு மட்டும் விதிவிலக்கு. இதுதான் 117-வது பிரிவின் சாரம்.

இது ஏன் இவ்வளவு முக்கியம்?

ஒரு போலீஸ் விசாரணையை நினைத்துப் பாருங்கள். குற்றம் சாட்டப்பட்டவரைத் தனக்கு எதிராகத் தானே சாட்சி சொல்ல வற்புறுத்தக் கூடாது என்று நம் அரசியல் சட்டத்தின் 20(3) சொல்கிறது. அதனால் அவர் வாயை மூடிக்கொள்ளலாம். மூடிக்கொள்வதுதான் புத்திசாலித்தனம் என்று எந்த வக்கீலும் சொல்வார். போலீஸால் தண்டனை வாங்கித்தர முடியும், ஆனால் பேச வைக்க முடியாது.

கமிஷனர் இதற்கு நேர் எதிர். அவரால் பேச வைக்க முடியும், ஆனால் தண்டிக்க முடியாது.

சட்டம் இப்படி ஒரு பண்டமாற்று செய்கிறது. 'நீ உண்மையைச் சொல், அந்த உண்மையை வைத்து உன்னை ஜெயிலுக்கு அனுப்பமாட்டோம். ஏனென்றால் உன்னை ஜெயிலுக்கு அனுப்புவதைவிட, நாளை இதே தப்பு வேறு ஸ்டேஷனில் நடக்காமல் தடுப்பது முக்கியம்.'

எங்கள் பக்கம் நடந்த விபத்து ஒன்றைச் சொல்கிறேன். 2011 செப்டம்பர் 13 ராத்திரி, அரக்கோணம் தாண்டி சித்தேரி ஸ்டேஷன் அருகே, அரக்கோணம் – காட்பாடி பாசஞ்சர் நின்றுகொண்டிருந்தது. பின்னால் வந்த சென்னை பீச் – வேலூர் கன்டோன்மென்ட் மின்சார ரயில் அதன் மீது மோதியது. பத்துப் பேர் அளவில் இறந்தார்கள். இப்படிப் பின்னால் வந்து மோதும் விபத்துகளில் எல்லோரும் உடனே கேட்பது, டிரைவர் சிக்னலைப் பார்த்தாரா இல்லையா என்பதுதான். 'பார்க்கவில்லை' என்றால் கேஸ் முடிந்துவிடும், போலீஸுக்கு. கமிஷனருக்கு அங்கேதான் ஆரம்பிக்கும். ஏன் பார்க்கவில்லை? எத்தனை மணி நேரம் தொடர்ந்து டூட்டி? மழையில் சிக்னல் தெரிந்ததா? சிவப்பைத் தாண்டினால் ரயிலைத் தானாக நிறுத்தும் கருவி ஏன் இல்லை? இந்தக் கேள்விகளுக்கு நேர்மையான பதில் தெரிந்தவர் அந்த டிரைவர் ஒருவர்தான். அவரை பயமுறுத்தினால் பதிலும் போய்விடும்.

பேச்சு சுருங்கும் இடம்

ஆனால் நடைமுறையில் 117-வது பிரிவு எவ்வளவு தைரியம் கொடுக்கும்? எனக்குச் சந்தேகம்தான். இரண்டு காரணங்கள்.

முதலாவது, அந்தப் பிரிவு சிவில், கிரிமினல் நடவடிக்கைகளைத்தான் சொல்கிறது. இலாகா நடவடிக்கை என்ற சொல் அதில் இல்லை. ஒரு கேங்மேனுக்கோ பாயிண்ட்ஸ்மேனுக்கோ ஜெயில் பயத்தைவிட சஸ்பென்ஷன் பயம்தான் பெரிது. மேலதிகாரி சொன்னதால் குறுக்கு வழியில் வேலையை முடித்தோம் என்று அவர் கமிஷனரிடம் சொல்லிவிட்டு, மறுநாள் அதே மேலதிகாரியின் கீழ்தான் வேலைக்குப் போக வேண்டும்.

இரண்டாவது, கமிஷனர் விசாரணை நடக்கும்போதே பக்கத்தில் கிரிமினல் விசாரணையும் நடக்கிறது. 2023-ல் ஒடிசாவின் பாஹாநாகா பஜாரில் 290 பேர் அளவில் இறந்தபோது இதுதான் நடந்தது. கமிஷனர் விசாரித்துக்கொண்டிருக்கும்போதே, சில நாட்களில் சி.பி.ஐ. வழக்கைக் கையில் எடுத்தது. ஜூன் கடைசியில் கமிஷனரின் அறிக்கை போனது. ஜூலை 7 அன்று மூன்று ரயில்வே ஊழியர்களை சி.பி.ஐ. கைது செய்தது. அந்த மாதமே அரசு நாடாளுமன்றத்தில் கமிஷனர் கண்டுபிடித்ததைச் சொன்னது. முன்பு எப்போதோ சிக்னல் வயரிங்கை மாற்றியபோது நடந்த தவறும், லெவல் கிராசிங் கேட் வேலையின்போது நடந்த தவறும் சேர்ந்து, தவறான சிக்னல் விழக் காரணமாகிவிட்டன.

இத்தனை பேர் இறந்த விபத்தில் போலீஸ் விசாரணை வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. அப்பாவை, பிள்ளையை இழந்தவர்கள் நியாயம் கேட்பார்கள், கேட்க வேண்டும். ஆனால் பக்கத்து அறையில் சி.பி.ஐ. உட்கார்ந்திருக்கும்போது, இந்த அறையில் ஒரு டெக்னீஷியன் எவ்வளவு மனம் திறந்து பேசுவார்? சட்டப்படி இரண்டு அறைக்கும் நடுவில் சுவர் இருக்கிறது. பேசுகிறவன் மனதில் அந்தச் சுவர் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தில் இதே பிரச்சினை வந்தது. 1999-ல் லண்டன் லாட்புரோக் குரோவில் இரண்டு ரயில்கள் மோதி 31 பேர் இறந்த பிறகு, விபத்தின் காரணத்தை மட்டும் ஆராய ஒரு தனி அமைப்பை 2003-ஆம் வருடச் சட்டத்தில் உருவாக்கி, 2005-ல் வேலையை ஆரம்பித்தார்கள். பழி சொல்வது அதன் வேலையே இல்லை என்று தெளிவாக வைத்துவிட்டார்கள்.

அவரால் முடியாதவை

கமிஷனரால் கைது செய்ய முடியாது, தண்டிக்க முடியாது என்று பார்த்தோம். நஷ்ட ஈடும் அவர் வேலை இல்லை, அதற்கு ரயில்வே கிளைம்ஸ் டிரிபியூனல் இருக்கிறது. விபத்து பெரிய அளவில் போய், அரசு 1952-ஆம் வருடச் சட்டப்படி ஒரு நீதிபதி கமிஷன் வைத்துவிட்டால், 119-வது பிரிவின்படி இவர் தன் விசாரணையை நிறுத்தி ஆவணங்களை ஒப்படைக்க வேண்டும். 1999 ஆகஸ்டில் மேற்கு வங்கத்தின் கைசாலில் நடந்த பெரிய விபத்துக்கு நீதிபதி ஜி.என்.ரே கமிஷன் வைத்தது ஒரு உதாரணம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது, அவர் அறிக்கையில் எழுதுவது சிபாரிசுதான். செய்தே ஆகவேண்டும் என்று ரயில்வேயைக் கட்டாயப்படுத்த அவரிடம் சாட்டை இல்லை. புதிய பாதை திறக்கும் விஷயத்தில் அவர் கை கொஞ்சம் ஓங்கியிருக்கும். 2024 நவம்பரில் புதிய பாம்பன் பாலத்தின் வடிவமைப்பு நடைமுறைகளில் குறைகள் இருப்பதாகத் தெற்கு வட்டக் கமிஷனர் எழுதியது பெரிய செய்தியானது. வேகக் கட்டுப்பாடுகளோடு அனுமதியும் கொடுத்தார், பாலம் 2025 ஏப்ரல் 6-ல் திறக்கப்பட்டது. திறப்பதற்கு முன் அவர் பேச்சைக் கேட்டே ஆகவேண்டும். விபத்துக்குப் பின் கேட்டால் கேட்கலாம்.

இன்னொரு பழைய குறையும் அப்படியே இருக்கிறது. கமிஷனர்கள் பெரும்பாலும் ரயில்வேயில் வேலை பார்த்த அதிகாரிகள்தான். ரயில் நுட்பம் தெரிந்தவர்கள் வேறு எங்கிருந்து கிடைப்பார்கள் என்பது நியாயமான கேள்வி. ஆனால் 1840-ல் இங்கிலாந்துக்காரர்கள் அந்த ஒரு வருட நிபந்தனையை ஏன் போட்டார்கள் என்பதும் யோசிக்க வேண்டியதுதான். 2012-ல் அனில் ககோத்கர் குழு, தனிச் சட்ட பலம் உள்ள ஒரு ரயில்வே பாதுகாப்பு ஆணையம் வேண்டும் என்று சிபாரிசு செய்தது. அப்படி ஒன்று உருவாகவில்லை.

மறுபடியும் கவரைப்பேட்டை

டீக்கடைத் தீர்ப்புகள் என்ன ஆயின? ரயில்வே போலீஸ் வழக்குப் பதிவு செய்தது, என்.ஐ.ஏ. அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். கமிஷனரும் விசாரித்தார். 2025 ஜூலையில் அவருடைய முடிவு வெளியே தெரிந்தது. தண்டவாளம் பிரியும் பாயிண்டில் இருந்த பாகங்களை யாரோ வேண்டுமென்றே கழற்றியிருக்கிறார்கள், இது நாசவேலை என்பதுதான் அந்த முடிவு. முதல் நாள் எத்தனை பேர் வாயில் அந்த ஸ்டேஷன் ஊழியர்களும் டிரைவரும் குற்றவாளிகள் ஆனார்கள்! கழன்ற போல்ட் பேசியிருக்காவிட்டால் அந்தப் பழி போயிருக்காது. 1989-ல் 'பொருள்' என்று ஒரு சொல்லைச் சேர்த்தார்களே, அது எதற்கு என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

கமிஷனர் விசாரணை என்றால் யாரையோ மாட்டிவிடும் விசாரணை என்றுதான் நினைத்திருந்தேன். மாட்டிக்கொண்டவரை விடுவிப்பதும் அதே விசாரணைதான்.

கடைசியாக ஒன்று. பெரிய விபத்துகளுக்குப் பிறகு, இன்ன தேதியில் இன்ன இடத்தில் கமிஷனர் விசாரணை, விபத்தைப் பற்றித் தெரிந்த பொதுமக்கள் நேரில் வந்து சொல்லலாம் அல்லது எழுதி அனுப்பலாம் என்று பத்திரிகையில் ஒரு சின்ன அறிவிப்பு வரும். நானும் எத்தனையோ முறை அதைத் தாண்டி அடுத்த பக்கத்துக்குப் போயிருக்கிறேன். தினமும் ரயிலில் போகிற நாம்தான் எந்த இடத்தில் வண்டி குலுங்குகிறது, எந்த கேட் மூடாமல் கிடக்கிறது என்பதையெல்லாம் பார்க்கிறோம். அடுத்த முறை அந்த அறிவிப்பைப் பார்த்தால் (வராமல் இருப்பதே நல்லது), உங்களுக்கு ஏதாவது தெரிந்திருந்தால், போய்ச் சொல்லுங்கள். நீங்கள் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொள்ள அவருக்குச் சட்டம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. உண்மையைச் சொன்னால், அந்தப் பேச்சை வைத்து உங்கள் மேல் யாரும் வழக்குப் போட முடியாது என்றும் அதே சட்டம் எழுதி வைத்திருக்கிறது.